தேனி எல்லையும் புகையிலைத் தடை மதிப்பீடும்

தமிழகத்தில் குட்கா, புகையிலை கலந்த பான்மசாலா ஆகியவற்றின் தயாரிப்பும் விற்பனையும் 2013 மே மாதம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடை செய்யப்பட்டன. உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 2009-10இல் 34.6 விழுக்காடாக இருந்த இந்தியப் புகையிலைப் பயன்பாடு 2016-17இல் 28.6ஆகக் குறைந்தது, தமிழகத்திலோ 16.2இலிருந்து 20.0ஆக உயர்ந்தது. இவ்வுயர்வைத் தடையின் தோல்வியாகக் கொள்வது பொருந்தாது. இரு கணக்கெடுப்புகளுக்கும் இடைப்பட்ட காலத்தின் நடுவில்தான் தடை வந்தது. மேலும், தடைக்குள் வாராத பீடியும் சிகரெட்டும் அவ்வெண்ணில் அடங்கும்.

தடையின் விளைவை அறிய ஏற்ற களம் கம்பம் பள்ளத்தாக்கு. கேரளம் 2012 மே மாதமே தடை விதித்தது. ஆகவே, ஓராண்டுக் காலம் குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு ஆகியவற்றின் ஒருபுறம் தடையும் மறுபுறம் சட்டப்படியான விற்பனையும் நிலவின. இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் ஜீப்பில் சென்று திரும்பும் தொழிலாளர் இவ்விரு நிலைகளையும் ஒரே நாளில் கடந்தனர். ஆயினும், உலகக் கணக்கெடுப்பு மாவட்ட மதிப்பீடு தருவதில்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் மாவட்டத் தரவறிக்கை புகையிலை வகையைப் பிரிப்பதில்லை.

இக்குறை ஏட்டளவில் நிற்பதன்று. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் தடையாணை தற்காலிக அதிகாரத்தை மீறியது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 ஜனவரியில் அதனை ரத்துச் செய்தது. ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. நிலையான சட்டம் வேண்டுமெனில் நிலையான சான்றும் வேண்டும். அச்சான்றை மாநிலச் சராசரி தாராது. எல்லையோர ஊர்களில் பொருள்வகை பிரித்து மேற்கொள்ளப்படும் கள ஆய்வே தரும்.