ராமனுக்கு எத்தனை முகம்?

நடிகர் நடித்த ராமாயணம் உசத்தியா, வரைந்த அனிமேஷன் ராமாயணம் உசத்தியா என்று நம் வீட்டுப் பிள்ளைகள் வாதாடுகிறார்கள். 1987-ல் ராமானந்த் சாகரின் தொலைக்காட்சித் தொடர் வந்தபோது, ராமனாக நடித்த அருண் கோவிலைக் கண்ட இடத்தில் ஜனங்கள் கும்பிட்டார்கள். ராமனுக்கு ஒரே முகம் என்றாகிவிட்டது. 2023-ல் வந்த ‘ஆதிபுருஷ்’ நடிகர்மேல் கம்ப்யூட்டர் சித்திரம் பூசி இரண்டுங்கெட்டானாய்ப் போயிற்று. யூகோ சாகோ, ராம் மோகன் முதலியோர் 1992-ல் செய்த இந்திய-ஜப்பானியப் படத்திலோ ராமன் கோடும் வண்ணமுந்தான். நம் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர் ராமன் வேறு சாயல். ஒன்று மற்றதை அழிக்கவில்லை.

முகம் ஒன்றானால் கதையும் ஒன்றாகிவிடும். எங்கள் சமண ராமாயணத்தில் ராவணனைக் கொல்பவன் லட்சுமணன். அதற்கு அப்புறம் யார் காது கொடுப்பார்? ஆகவே அடியேன் ஓட்டு கோட்டுக்கே.