ஒருமுறை விலை, முடிவில்லாப் பராமரிப்பு

வல்ஹல்லா டிஎஸ்பி என்ற சிறிய அமெரிக்க நிறுவனத்தின் விண்டேஜ்வெர்ப் என்ற எதிரொலி ப்ளக்-இன் (இசைப்பதிவு மென்பொருளுக்குள் இணைந்து இயங்கும் சிறு மென்பொருள்) 2012-ல் வந்தபோது அதன் விலை ஐம்பது டாலர். இன்றும் அதே ஐம்பது டாலர்தான். தீபாவளித் தள்ளுபடி போல நவம்பர் வந்தாலே பாதி விலை, கால் விலை என்று இறங்கும் ப்ளக்-இன் சந்தையில் இந்த நிறுவனம் ஒருமுறைகூட விலையைக் குறைத்ததில்லை. புதிய பதிப்புகளுக்குத் தனிக் கட்டணமும் கேட்பதில்லை. இசைக்கலைஞர்களுக்கு ஒலி மென்பொருள் செய்து விற்கும் சிறுதொழில் எப்படி நடக்க வேண்டும் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வரும் முறை இது. இதன் பலம் பெரியது. அதே அளவுக்குப் பெரிய குறை ஒன்றும் இதற்குள் இருக்கிறது.

இப்படி ஒரு தொழிலுக்குப் பரவலாக வழி திறந்தது 1996-ல். ஜெர்மனியின் ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம் தன் கியூபேஸ் இசைப்பதிவு மென்பொருளுக்குள் வெளியார் எழுதும் ஒலிக்கருவிகளும் வந்து இயங்கும்படி விஎஸ்டி என்ற இணைப்பு முறையை உருவாக்கி, அதை எல்லாருக்கும் திறந்துவிட்டது. ஒலிக்கூடங்களில் எதிரொலிக்காக வைத்திருந்த ஈஎம்டி 140 என்ற எஃகுத் தகட்டுக் கருவி கால் டன்னுக்கு மேல் எடை கொண்டது. அதைச் செய்யத் தொழிற்சாலை வேண்டும். விஎஸ்டி வந்த பிறகு, கணக்கும் காதும் உள்ள ஒருவர் வீட்டு அறையில் உட்கார்ந்தே அந்த வேலையைச் செய்ய முடிந்தது.

அந்தக் காதுதான் இந்தச் சிறுதொழிலின் உண்மையான முதல். செயற்கை எதிரொலியின் அடிப்படைக் கணக்கை பெல் ஆய்வுக்கூடத்தில் மன்ஃபிரெட் ஷ்ரோடர் 1960-களின் தொடக்கத்திலேயே எழுதி வெளியிட்டுவிட்டார். ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தி, அதையே திரும்ப உள்ளே ஊட்டி, அந்தச் சுற்றுகளைப் பின்னுவது. இதில் ஒளிக்க எதுவும் இல்லை. ஆனால் எத்தனை தாமதங்கள், ஒவ்வொன்றும் எத்தனை மில்லி விநாடி, அவற்றை எவ்வளவு மெல்ல அசைத்தால் உலோகத் தொனி போய் ஒலி விரியும் என்பதையெல்லாம் எந்த ஆய்வுரையும் முழுதாகச் சொல்லித் தராது. கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். வல்ஹல்லாவின் ஷான் காஸ்டெல்லோ இந்த ஒரே துறையில் ஆண்டுக்கணக்கில் ஊறியவர். கட்டணமும் இலவசமும் சேர்த்தே அவருடைய மொத்தப் பட்டியல் பத்தைச் சுற்றித்தான் நிற்கிறது, பெரும்பாலும் எதிரொலியும் தாமத ஒலியும். பெரிய நிறுவனத்தில் இப்படி ஒருவருடைய ரசனை கடைசிவரை கலையாமல் வந்துசேர்வது அரிது. அங்கே விற்பனைப் பிரிவு ஒன்று கேட்கும், நிர்வாகம் இன்னொன்று கேட்கும், ஆண்டுக்கு இத்தனை புதுச்சரக்கு என்ற கணக்கு வேறு. ஒருவரே எழுதி, ஒருவரே கேட்டு, ஒருவரே ‘இது போதும்’ என்று நிறுத்தும் ப்ளக்-இன்னில் ஒரு குணம் இருக்கிறது. நல்ல ஒலிப்பொறியாளர்கள் அதை உடனே உணர்கிறார்கள்.

இனி குறைக்கு வருகிறேன். வாங்குபவர் ஒருமுறை பணம் தருகிறார். எழுதியவருக்கோ அந்த வேலை முடிவதே இல்லை. அதற்குக் காரணம் வாங்குபவரும் அல்ல, இவரும் அல்ல. இருவருக்கும் கீழே தரையாக இருக்கும் கம்பெனிகள் அந்தத் தரையை நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. 2018-ல் ஸ்டெய்ன்பெர்க் பழைய விஎஸ்டி 2 முறைக்குப் புதியவர்களுக்கு உரிமம் தருவதை நிறுத்தியது. 2019-ல் ஆப்பிளின் கேட்டலினா இயங்குதளம் வந்ததும் 32-பிட் நிரல்கள் மொத்தமாக ஓடாமல் போயின. அடுத்த ஆண்டே வேறு வடிவமைப்பு கொண்ட எம்1 சில்லு வந்தது. ஒவ்வொரு முறையும் ஏற்கெனவே வாங்கிச் செலவழித்துவிட்ட பணத்துக்காக மறுபடி உழைக்க வேண்டும். ஆப்பிளிடம் நிரலாளர் கணக்கு வைக்க ஆண்டுக்குக் கட்டும் 99 டாலர் பெரிய தொகை அல்ல. பெரியது நேரம்.

அந்த நேரம் எங்கே போகிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற வேகத்தில், 64 மாதிரிகள் கொண்ட ஒரு தொகுதியைக் கணக்கிட்டுத் திருப்பித்தரக் கிடைப்பது சுமார் 1.45 மில்லி விநாடி. அதற்குள் முடியாவிட்டால் ‘டிக்’ என்று ஒலி வெட்டும், பதிவு கெடும். லாஜிக், கியூபேஸ், ஏபிள்டன் லைவ், ரீப்பர், புரோ டூல்ஸ் என்று ஒவ்வொரு இசைப்பதிவு மென்பொருளும் இந்தத் தொகுதிகளை அனுப்பும் விதம் வேறு. விண்டோஸ், மேக் இரண்டிலும் விஎஸ்டி 3, ஏஏஎக்ஸ் வடிவங்களிலும், மேக்கில் ஏயூ வடிவத்திலும் சோதிக்க வேண்டும். பெரிய நிறுவனத்தில் இதற்கு ஒரு குழு இருக்கும், இங்கே ஒருவர். புது ஒலி தேட வேண்டிய காது, யாரோ ஒருவர் கணினியில் ஏன் சாளரம் திறக்கவில்லை என்பதில் தேய்கிறது.

இந்தச் சுமையைத் தீர்க்கப் பலரும் பிடித்த வழி தள்ளுபடி. நூற்றைம்பது டாலர் என்று எழுதி, ஆண்டில் பாதி நாள் இருபத்தொன்பதுக்கு விற்பது. இதை நான் ஏற்கவில்லை. முழு விலை கொடுத்தவரை அது தண்டிக்கிறது. காத்திருந்து வாங்கும் பழக்கத்தை எல்லாருக்கும் ஊட்டுகிறது. அடுத்த தள்ளுபடிக்குக் காட்ட ஏதாவது வேண்டுமே என்று, தேவையில்லாத புதுச்சரக்கைச் செய்யவும் வைக்கிறது.

இரண்டாவது வழி சந்தா. 2023 மார்ச்சில் வேவ்ஸ் நிறுவனம் தன் ப்ளக்-இன்களை இனிச் சந்தாவில் மட்டுமே தருவதாக அறிவித்தது. எதிர்ப்பு எழுந்த வேகத்தில் சில நாட்களிலேயே மன்னிப்புக் கேட்டு ஒருமுறை விலையைத் திரும்பக் கொண்டுவந்தது. பராமரிப்புக்குத் தொடர்ந்து பணம் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கைதான். ஆனால் மாதப் பணம் நின்றால், முடித்து வைத்த பாடலின் கோப்பே சரியாகத் திறக்காது என்றால் அது இசைக்கலைஞரின் கையில் இருக்கும் வேலையைப் பிணையாக வைப்பதாகிறது.

மூன்றாவது வழியை வெர்மான்ட்டில் இருக்கும் கிறிஸ் ஜான்சன் ஏர்விண்டோஸ் என்ற பெயரில் நடத்துகிறார். நூற்றுக்கணக்கான ப்ளக்-இன்கள் இலவசம், மூலநிரல் முழுவதும் திறந்த உரிமத்தில், வருமானம் ஆதரவாளர்கள் தரும் நன்கொடை. நாளை அவர் நிறுத்தினாலும் வேறு யாரும் எடுத்து ஓடவைக்கலாம். மிகவும் மதிக்கிறேன். ஆனால் படமோ அழகிய முகப்போ இல்லாத வெறும் நகர்த்திகளுடன், பெயரை வைத்துப் புரிந்துகொள்ள முடியாத அந்த நீண்ட பட்டியலுக்குள் தேடிப் பழகப் பொறுமை வேண்டும். பாடல் நாளைக் காலை கொடுக்க வேண்டியவருக்கு அது வாய்க்காது.

ஆக, நிலையான விலையே சிறந்தது என்று சொல்லிவிடத்தான் ஆசை. இரண்டு விஷயங்கள் தடுக்கின்றன. நல்ல எதிரொலி ப்ளக்-இன்னை ஒருவர் ஒருமுறைதான் வாங்குவார். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் புதியவர்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். 2020-ல் இலவசமாக வந்த சூப்பர்மாசிவ் வல்ஹல்லாவுக்கு அந்த வாசலைத் திறந்தது. பெயர் பெற்றவருக்கு இது நடக்கும். லாஜிக்கும் ஏபிள்டனும் தம்முடனேயே தரமான எதிரொலிகளைத் தரும் இந்நாளில், இன்று தொடங்கும் ஒருவருக்கு அதே கதவு அவ்வளவு எளிதில் திறக்காது. இன்னொன்று விலையே. ஐம்பது டாலர் என்றால் நாலாயிரம் ரூபாய்க்கு மேல். சென்னையில் வீட்டிலேயே குறும்படங்களுக்கு இசையமைத்துப் பழகும் இளைஞருக்கு அது சின்னத் தொகை இல்லை. தள்ளுபடியைக் கண்டிக்கும் நானே, அந்த இளைஞருக்குச் சட்டப்படியான பிரதி கிடைக்க வைப்பது பல நேரம் தள்ளுபடிதான் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. எல்லாருக்கும் ஒரே விலை என்ற கொள்கைக்குள் நாட்டுக்கு நாடு மாறும் விலைக்கும் இடம் வேண்டும். மாணவர் விலையாக அல்ல, வாழுமிடத்தின் வருமானத்தைக் கணக்கில் எடுத்த விலையாக.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது முடிவு பற்றிய மௌனம். கேமல் ஆடியோ என்ற சிறிய நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியது. 2015 ஜனவரியில் அதன் கடை மூடப்பட்டது. அதன் ஆல்கெமி என்ற மின்னிசைக் கருவி பின்னர் ஆப்பிளின் லாஜிக்குக்குள் வந்தது. விண்டோஸில் அதை நம்பியிருந்தவர்களுக்கு வளர்ச்சி அங்கேயே நின்றது. ஒருவரை நம்பிய தொழிலில் விற்பனை, நோய், சலிப்பு எதுவும் இதே விளைவைத் தரும். ஒருமுறை விலை வாங்கும் ஒவ்வொரு சிறுநிறுவனமும் மூன்றை எழுத்தில் தர வேண்டும் என்று கேட்கிறேன்: இணைய அனுமதி இல்லாமலே இயங்கும் உரிமக் கோப்பு, இத்தனை ஆண்டு வரை புதிய இயங்குதளங்களுக்கு மாற்றித்தருவோம் என்ற உறுதி, தொழிலை மூடினால் மூலநிரலை வெளியிடுவோம் என்ற ஒப்புதல். முதலாவதைச் சிலர் ஏற்கெனவே செய்கிறார்கள். மற்ற இரண்டும் வரும்வரை, எந்தப் பாடலையும் முடித்ததும் ப்ளக்-இன் இட்ட ஒவ்வொரு தடத்தையும் தனி ஒலிக்கோப்பாக எழுதிச் சேமித்து வையுங்கள்.