காலியான இடம் யாருடையது? ‘தந்தானு’வை முன்வைத்துச் சில குறிப்புகள்

ராக் இசை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையாடலில் கிதார்காரனுக்கு என்று ஒரு தனிப் பீடம் உண்டு. பாடுகிறவன் குழுவின் முகம் என்றால் கிதார்காரன் அதன் கையெழுத்து. பாஸ் கிதார் வாசிக்கிறவர் விலகினால் ரசிகர்கள் வருத்தப்படுவார்கள், அவ்வளவுதான். லீட் கிதார்காரர் விலகினால் மட்டும் ‘இது இன்னும் அந்தக் குழுதானா’ என்ற தத்துவார்த்தக் கேள்வியே கிளம்பிவிடுகிறது. இந்தக் கேள்வி யாருக்காகக் கேட்கப்படுகிறது, யாருக்காகக் கேட்கப்படுவதே இல்லை என்பதுதான் என் அக்கறை.

தில்லியின் ‘இந்தியன் ஓஷன்’ குழு இதற்குத் தோதான பிரதி. 1990இல் கிதார்காரர் சுஸ்மித் சென்னும், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து தபலா வாசித்துக்கொண்டே பாடிய அசீம் சக்ரவர்த்தியும் தொடங்கியது. பாஸ் கிதாருக்கு ராகுல் ராமும் டிரம்ஸுக்கு அமித் கிலமும் பின்னால் வந்து சேர்ந்தார்கள். 1993இல் முதல் ஆல்பம். 1997இல் ‘டெசர்ட் ரெய்ன்’. அந்த வருஷத்து ஜனவரி முதல் தேதி, சஃப்தர் ஹஷ்மி நினைவாக ‘சஹ்மத்’ நடத்திய நிகழ்ச்சியில் நேரடியாகப் பதிவானது அது. 2000இல் ‘கண்டிசா’. 2009 டிசம்பர் 25இல் அசீம் இறந்துபோனார். 2013இல் சுஸ்மித் சென் விலகினார், நிகில் ராவ் வந்தார். மறுவருஷமே ‘தந்தானு’ வெளியாயிற்று. தொடங்கிய இருவருமே இல்லாத முதல் ஆல்பம்.

அசீமின் இடத்தை ஒரே ஆளால் நிரப்ப முடியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தபலாவுக்கு துஹீன் சக்ரவர்த்தி, குரலுக்கு ஹிமான்ஷு ஜோஷி என்று இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஒரே உடம்பில் ஒட்டிக்கிடந்த கையும் தொண்டையும் இரண்டு உடம்புகளாகப் பிரிந்தன. சுஸ்மித் சென்னின் இடத்தில் கணக்கு இன்னும் விசித்திரம். வந்தவர் ஒருவர்தான், ஆனால் ‘தந்தானு’வில் ஏழு பாடல்கள், பாட்டுக்கு ஒரு விருந்தாளி: ஷுபா முத்கல், விஷ்வ மோகன் பட், கர்ஷ் காலே, விஷால் தத்லானி, சங்கர் மகாதேவன், நம்மூர் செல்வகணேஷ், வயலின் குமரேஷ். ஒரு ஆள் கிளம்பிப் போன வீட்டில் ஏழு பேருக்குப் பாய் விரித்திருக்கிறார்கள். இதைப் பெருந்தன்மை என்றும் படிக்கலாம், பதற்றம் என்றும் படிக்கலாம். நான் இரண்டாகவும் படிக்கிறேன்.

காதுக்கு என்ன ஆயிற்று? சுஸ்மித் சென்னின் வாசிப்பில் ராக் கிதாரின் வழக்கமான வேலை — கார்டுகளை அடித்துத் தரை போட்டுக் கொடுப்பது — குறைவு. ஒற்றைச் சுரங்கள், திறந்த தந்திகளின் ரீங்காரம், ஒரு சொற்றொடரையே சுற்றிச்சுற்றி வந்து மெல்ல ஏறுவது. இந்துஸ்தானி ஆலாபனையின் பொறுமை அதில் இருந்தது. பாட்டு அவர் தோளில் ஏறிக்கொள்ளும். நிகில் ராவின் கிதார் மின்சாரத்தை மறைப்பதில்லை. பாட்டின் ஓரத்தில் நின்று தேவைப்படும்போது உள்ளே பாய்கிறது. அதனால் ‘தந்தானு’வில் பாஸும் டிரம்ஸும் முன்னால் வந்துவிட்டன, குரல்கள் கூட்டமாகின்றன. நல்லதா கெட்டதா என்றால், ‘சீத்து’ பாட்டுக்கு நல்லது. வேறு சில இடங்களில் விருந்தாளி வாசித்து முடிக்கட்டும் என்று குழுவே கைகட்டி நிற்கிற மாதிரி இருக்கிறது; சபா மரியாதை ராக் இசைக்கு ஆகாது.

“சென் இல்லாத ஓஷன் ஓஷனே இல்லை, அட போப்பா” என்று இலக்கிய நண்பர் ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். ‘ஆசிரியன் இறந்துவிட்டான்’ என்று எல்லாக் கூட்டத்திலும் பேசுகிறவர் அவர். கிதார் விஷயத்தில் மட்டும் ஆசிரியன் உயிரோடு வந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.

சரி, இந்தக் குழுவின் பிரதிகளுக்கு ஆசிரியன் யார்? ‘கண்டிசா’ கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் வழிபாட்டுப் பாடல். ‘ஹில்லே லே’ நக்சல்பாரி மரபில் வந்த கவிஞர் கோரக் பாண்டேயின் வரிகள்; அவர் 1989இலேயே போய்விட்டார். ‘மா ரேவா’ நர்மதைப் பள்ளத்தாக்கின் பாட்டு. 1990களின் முற்பாதியில் நர்மதை பாதுகாப்பு இயக்கத்தில் வேலை செய்த ராகுல் ராம் அங்கிருந்து எடுத்து வந்தது. வெள்ளைக்காரனை எதிர்த்து நின்ற பழங்குடிப் போராளியைப் பற்றிய ‘சீத்து’வும் அதே பள்ளத்தாக்கிலிருந்து வந்ததுதான். பாட்டு எங்கே கிடைத்தது என்பதை ராகுல் ராம் மேடையில் சொல்லத் தயங்குகிறவர் இல்லை. இருந்தும், ஏழு விருந்தாளிகளின் பட்டியலில் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு ஆள் கிடையாது. கிதார்காரரின் காலியிடம் தெரிகிறது. அது நிரப்பப்படுகிறது, விவாதிக்கப்படுகிறது. முதலில் பாடியவரின் இடம் காலியாக இருப்பதே தெரிவதில்லை, ஏனென்றால் அப்படி ஒரு இடம் குழுவின் அமைப்பில் எப்போதுமே ஒதுக்கப்படவில்லை. ‘கண்டிசா’ வெளியான அதே 2000த்தில், அக்டோபர் 18ஆம் தேதி, சர்தார் சரோவர் அணையை மேலே கட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ‘மா ரேவா’ நகரத்து அரங்குகளில் கைதட்டல் வாங்கத் தொடங்கியதும், அந்தப் பாட்டு பிறந்த கரைகள் முழுகப்போவது உறுதியானதும் ஒரே வருஷத்தில்.

இங்கே இடதுசாரித் தோழர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருப்பார்கள் என்று தெரியும். ‘மக்கள் பாட்டுய்யா இது. யார் வாசிச்சா என்ன? ஆள் போனா இன்னொரு ஆள்.’ இதுவும் எனக்கு ஒப்புதல் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஒருவன் விரல் தேய வாசித்தது உழைப்பு. அதை ‘மக்கள்’ என்ற பெருஞ்சொல்லுக்குள் போட்டுக் கரைப்பதும், திரைப்பாடல் கேசட் அட்டையில் கிதார் வாசித்தவர் பெயரைப் போடாமல் விட்டதும் ஒரே காரியம்தான்.

எரியோடு, வேடசந்தூர், வடமதுரைப் பக்கத்துத் திருவிழாக்களில் நையாண்டி மேளம் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த ஆள்மாற்ற விவகாரம் முழுக்கப் புதுசும் இல்லை. பங்குனி, சித்திரையில் ஒரே நாளில் நாலு ஊரில் திருவிழா வரும். ஒரு செட்டின் நாயனக்காரர் இன்னொரு செட்டுக்குப் போவார், அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார். செட்டின் பெயர் மாறாது, யாரும் இரங்கற்பா எழுதுவதில்லை. அதற்காக அங்கே ஆளுக்கு மதிப்பில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாயனக்காரர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார்: “வேற ஆளு வருவாருண்ணே. நம்ம பாட்டெல்லாம் தெரிஞ்சிருக்கும். ஆனா சோடி வாசிக்கையில நான் எங்க மூச்சு வாங்குவேன்னு அவருக்குத் தெரியணும்ல. அது ஒரு சீசனாவது ஆகும்.” ‘தந்தானு’வைப் பற்றி நான் படித்த, கேட்ட எந்தக் கருத்தையும் விட இது எனக்கு உதவியாக இருந்தது. மேதை போய்விட்டான் என்ற ஒப்பாரிக்கும், யார் வந்தாலும் ஒன்று என்ற அலட்சியத்துக்கும் வெளியே நிற்கிற பேச்சு இது. ‘தந்தானு’ பதிவான சமயத்தில் நிகில் ராவுக்கு மற்றவர்கள் எங்கே மூச்சு வாங்குவார்கள் என்று முழுசாகப் பிடிபட்டிருக்கவில்லை, அவ்வளவுதான். விருந்தாளிகள் அந்த இடைவெளிகளில் உட்கார்த்தி வைக்கப்பட்டார்கள் என்பது என் அனுமானம்.

ஆனால் மேளத்தையும் ரொம்பப் புகழ வேண்டாம். ஆள்மாற்றத்துக்கு இங்கே இன்னொரு முகம் இருக்கிறது. சாவுக்குத் தப்பு அடிக்க மாட்டோம் என்று தலித் இளைஞர்கள் கை மடக்கிய ஊர்களில், வெளியூரிலிருந்து காசு கொடுத்து வேறு செட்டைக் கூட்டிவருவது ஊர்க்காரர்களின் பதிலாக இருந்ததுண்டு. அங்கே ‘மாற்று ஆள்’ என்பது தண்டனை. உன் இடம் உன்னுடையதல்ல, அடிக்க மறுத்தால் அது இல்லாமலே போகும் என்று சொல்லும் அதிகாரம். சுஸ்மித் சென் தானாகக் கிளம்பிப் போகலாம். போய்த் தன் கதையைப் புத்தகமாகவும் எழுதலாம். ‘ஓஷன் டு ஓஷன்’ 2014இல் வந்தது. அது அவருக்கு உள்ள சுதந்திரம். அதை நான் குறைசொல்லவில்லை. விலகுவதற்கே ஒரு இடம் வேண்டியிருக்கிறது என்கிறேன்.

‘தந்தானு’வுக்குப் பிறகு அடுத்த ஆல்பம் ‘தூ ஹை’ 2023இல்தான் வந்தது. அதற்குள் நிகில் ராவ் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. ‘புது ஆள்’ என்ற பேச்சு அடங்கிப்போயிருந்தது. இந்த இரண்டு ஆல்பங்களுக்கும் நடுவில், 2019 செப்டம்பரில், சர்தார் சரோவரில் முதன்முறையாக முழு மட்டமான 138.68 மீட்டர் வரைக்கும் தண்ணீர் நிறுத்தினார்கள்.