தப்பு காய்ச்சும் நேரம்

மின்கருவிகளோடு அந்தக் கணத்திலேயே உருவாக்கப்படும் பரிசோதனை இசை கொழும்புக்கும் ஐரோப்பிய வசதிக்காரர்களுக்கும் உரியது, மலையகத்துக்கு நாட்டார் பாடல்களைக் காப்பாற்றினாலே போதும் என்று நம் கூட்டங்களில் இப்போது அடிக்கடி பேசுகிறார்கள். முற்போக்காகத் தோன்றும் இந்தப் பேச்சு முழுத் தவறு.

இதைக் கடுமையாகச் சொல்லிப் பார்த்தவர் ஆங்கில இசையமைப்பாளர் கோர்னிலியஸ் கார்டியூ. லண்டனில் 1965இல் தொடங்கிய ஏஎம்எம் என்ற பரிசோதனை இசைக் குழுவில் மறு ஆண்டு சேர்ந்தவர், பின்னர் மாவோவாதியாகி, ஜேர்மன் இசையமைப்பாளர் ஸ்டொக்ஹவுசன் ஏகாதிபத்தியத்துக்குச் சேவகம் செய்வதாக 1974இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். அதன்பின் அவர் இயற்றிய போராட்டப் பாடல்கள் நேர்மையானவை, ஆனால் தட்டையானவை. அதே ஏஎம்எம் குழுவின் கீத் ரோவ் மேசைமேல் கிடத்திய கிற்றாரும் நடுவே புகும் வானொலியும்தான் இன்றும் காதைத் திறக்கின்றன.

பியேர் ஷேஃபர் பதிந்து இசையாக்கிய ரயிலோசையும் ஜோன் கேஜ் இசையாக முன்வைத்த மௌனமும் பலர் அறிந்தவை. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் 1969இல் அமைத்த மின்னொலிக்கூடத்தைத்தான் நாம் பேசுவதில்லை. கீதா சாராபாய் முதலானோர் அங்கே பதிந்த நாடாக்கள் அரை நூற்றாண்டு கழித்தே வெளிவந்தன.

என் மனம் தங்குவது டோக்கியோவின் ஒஃப் சைட் கூடத்தில். 2000 முதல் 2005 வரை இயங்கியது. சுற்றிலும் வீடுகள், மெல்லிய சுவர், சத்தம் போட முடியாது. லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்த நிபந்தனையை விளக்க வேண்டியதில்லை. டொஷிமாரு நகமுரா மிக்ஸருக்கு வெளியிலிருந்து எந்த ஒலியும் கொடுக்காமல், அதிலிருந்து வருவதை அதற்கே திருப்பிவிட்டார். கோயில் திருவிழாவில் மைக் கத்தினால் ஓடிப்போய் அடக்குகிறோமே, அதே வகை ஒலியை அவர் நூலளவுக்கு மெலியவைத்து நிறுத்தினார். சச்சிகோ எம் பதிவே இல்லாத சாம்ப்ளரின் சோதனை ஒலியை மட்டும் நீட்டினார். இவர்கள் கற்பித்தது கேட்கும் பொறுமை.

கொழும்பில் சுமுதி சூரவீர முதலானோர் பலிச் சடங்குக் கலைஞர்களோடு சேர்ந்த பலிஃபோனிக்ஸ் குழு அந்தப் பொறுமையை நம் நாட்டுக்குள் கொண்டுவந்தது. சடங்குக் கலைஞர் அதில் அலங்காரம் அல்லர், சமமான இசைஞர்.

நாம் என்ன செய்தோம்? சி.வி. வேலுப்பிள்ளை பாடல்களைத் தொகுத்ததால் சொற்கள் பிழைத்தன. அவருக்குப் பின் வந்த ஆய்வும் பெரும்பாலும் சொற்களோடு நின்றது. பிரட்டுக்கு ஆள் கூப்பிட்ட தப்பு, சாவுக்கும் காமன் கூத்துக்கும் அடித்த தப்பு எப்படி ஒலித்தது என்பதை யார் எழுதினார்கள்? பூனாகலை போன்ற பனி இறங்கும் தோட்டத்தில் தோல் சீக்கிரம் தளர்ந்துவிடும். மிலாறு போட்டு மூட்டிய தீயில் காட்டி, ஒரு தட்டுத் தட்டி, காது கொடுத்து, மறுபடி காய்ச்சுவார்கள். ஆட்டத்தின் நடுவே சுருதி இறங்கினால் அதற்கேற்ப அடியும் மாறும். பரிசோதனை இசை என்று பெயர் சூட்டாமலே நடந்த வேலை அது. அடித்தவர்களைச் சாதி சொல்லி ஒதுக்கியவர்கள் அந்த ஞானத்தையும் சேர்த்தே ஒதுக்கினார்கள். இன்று சீருடையோடு மேடையேறும் குழுக்களோ தீயே வேண்டாத செயற்கைத் தோலில், மனப்பாடமான அடிகளை ஒப்பிக்கின்றன. இதைப் பாதுகாப்பு என்று நான் ஏற்கமாட்டேன்.

வருகிற மாசியில் உங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடந்தால், தப்படிப்பவரிடம் அனுமதி கேட்டு, ஃபோனைத் தீ மூட்டும் இடத்திலேயே வைத்துப் பதியுங்கள். பாட்டு தொடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். பதிந்ததை வெட்டாமல் முதலில் அவருக்கே போட்டுக் காட்டுங்கள்.