பாழ்வீடு பார்க்கப் போகிறவர்கள்

1796இல் ஹூபேர் ராபேர் என்ற பிரெஞ்சு ஓவியர் லூவர் அரண்மனையின் நீண்ட கூடத்தை இரண்டு விதமாக வரைந்தார். ஒன்று, அதைப் புதுப்பித்தால் எப்படி இருக்கும் என்பது. மற்றது, அதே கூடம் கூரை சரிந்து பாழாய்க் கிடந்தால் எப்படி இருக்கும் என்பது. இடிபாட்டு ரசனை அப்போது ஐரோப்பாவில் அந்த அளவுக்கு ஊறிப்போயிருந்தது. பணக்காரர்கள் தங்கள் தோட்டங்களில் இடிந்த கோபுரங்களைப் புதிதாகவே கட்டி வைத்துக்கொண்ட நூற்றாண்டு அது.

இந்த ரசனையின் வரலாற்றை விரிவாக எழுதியவர் ஆங்கில எழுத்தாளர் ரோஸ் மெக்காலே. 'இடிபாடுகளின் இன்பம்' என்று பொருள்படும் அவருடைய பெரிய நூல் 1953இல் வந்தது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பு, 1941 மே மாதம், ஜெர்மானியக் குண்டுவீச்சில் லண்டனில் அவர் வீடு புத்தகங்களோடு சேர்ந்து அழிந்திருந்தது. பழைய கோயில்களிலும் கோட்டைகளிலும் உற்சாகமாகச் சுற்றிவரும் அந்த நூல், கடைசியில் புதிய இடிபாடுகளைப் பற்றிய ஒரு சிறு குறிப்போடு முடிகிறது. அந்த இடத்தில் இன்பம் வற்றிவிடுகிறது. இந்த ரசனையின் அடிப்படைச் சிக்கலை அந்தச் சில பக்கங்கள் சொல்லிவிட்டன என்றே நினைக்கிறேன். வீட்டுக்காரர் யாரென்று தெரியாதபோது இடிபாட்டை ரசிப்பது சுலபம்.

பிற்காலத்தில் இதே ரசனையோடு, பூட்டிய ஆலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சுரங்கப் பாதைகளுக்கும் திருட்டுத்தனமாகப் போய்வருவதை ஒரு கலையாகவே வளர்த்தவர்களில் டொரொன்டோவின் ஜெஃப் சாப்மன் முக்கியமானவர். 'நிஞ்சாலிஷஸ்' என்ற புனைபெயரில் 1996 முதல் 'இன்ஃபில்ட்ரேஷன்' என்ற சிற்றிதழை நடத்தி, 2005இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். எதையும் உடைக்காதே, எடுக்காதே, கிறுக்காதே என்பது அந்தக் கூட்டத்தின் ஒழுக்கம். நல்ல ஒழுக்கம்தான். ஆனால் அது சுவருக்கு மட்டுமே மரியாதை செய்கிறது.

அதே 2005இல் டிம் எடென்சர் என்ற ஆய்வாளர் பிரிட்டனின் கைவிடப்பட்ட தொழிற்சாலைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அருங்காட்சியகம் எதை நினைக்க வேண்டும் என்று வரிசைப்படுத்திக் காட்டுகிறது. பாழடைந்த ஆலையில் அந்த ஒழுங்கு இல்லாததால் நினைவு கட்டுப்பாடின்றி வருகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். எண்ணெய்ப் பிசுக்கின் வாடையும் ஆணியில் தொங்கும் மேல்சட்டையும் எதையோ கிளறுகின்றன என்பதை மறுக்க முடியாது. கிளறப்படுவது பெரும்பாலும் பார்க்க வந்தவரின் சொந்த இளமைதான். அந்தச் சட்டையைப் போட்டிருந்தவர் என்ன ஆனார் என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வி பெரிதாக வெடித்தது டெட்ராய்ட்டில். 1950இல் பதினெட்டு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழ்ந்த நகரம், 2010இல் ஏழு லட்சத்துச் சொச்சமாகச் சுருங்கியிருந்தது. அந்த ஆண்டு இவ் மார்ஷான், ரோமென் மெஃப்ர் என்ற இரு பிரெஞ்சு இளைஞர்களின் ஆடம்பரமான படநூல் வந்தது. உருகிய கடிகாரம், சரிந்த நாடக அரங்கம், 1988இல் மூடப்பட்ட மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம். படங்களில் மனிதர்களைக் காண்பது அரிது. ஊரில் அப்போதும் ஏழு லட்சம் பேர் இருந்தார்கள்! சிதைவை ஆபாசப் படம்போல் ரசிக்கிறார்கள் என்ற பொருளில் 'ரூயின் போர்ன்' என்ற வசைச்சொல் பரவியது. அதற்கு முன்பே, 1995இல், சிலியில் பிறந்த புகைப்படக்காரர் கமீலோ ஹோசே வெர்காரா, டெட்ராய்ட் நடுநகரின் காலியான வானளாவிகளை அப்படியே பாழடைய விட்டு ஓர் அமெரிக்க அக்ரோபோலிஸாக வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்லி ஊராரின் கோபத்தை வாங்கிக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் அவர் அங்கே வாழ்பவர்களை மறந்தவர் அல்லர். ஒரே தெருமுனையை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் படமெடுத்தவர். ரயில் நிலையத்தை 2018இல் ஃபோர்டு நிறுவனம் வாங்கிப் புதுப்பித்து 2024இல் திறந்தது.

ஜப்பானின் ஹாஷிமா தீவு இன்னும் சிக்கலான கதை. நாகசாகிக்கு அப்பால், கடலடி நிலக்கரிக்காக மிட்சுபிஷி 1890இல் வாங்கிய பாறைத்துண்டு அது. 1916இல் அங்கே ஏழு மாடிக் கான்கிரீட் குடியிருப்பு எழுந்தது. 1959இல் 5,259 பேர். தீவின் நீளமோ அரை கிலோமீட்டர்கூட இல்லை. மண்ணே இல்லாத இடத்தில் கரையிலிருந்து மண் கொண்டுவந்து மொட்டை மாடியில் காய்கறி வளர்த்தார்கள். 1974 ஜனவரியில் சுரங்கம் மூடியது. ஏப்ரலுக்குள் ஆள் கிடையாது. தொலைக்காட்சிப் பெட்டிகளைக்கூட விட்டுவிட்டுப் போனார்கள். பிற்பாடு ஒரு ஜேம்ஸ் பாண்ட் பட வில்லனின் தீவுக்கு இதுவே முன்மாதிரி ஆனது.

அங்கே வளர்ந்தவர்களுக்கு அது நெருக்கியடித்த, கதவு பூட்டாத, சினிமாவும் பள்ளிக்கூடமும் உள்ள ஊர். உலகப் போரின்போது கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட கொரியர்களுக்கும் சீனர்களுக்கும் அதே மாடிப்படிகள் வேறொன்று. 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது, அந்த உழைப்பாளர்களின் கதையையும் சொல்வதாக ஜப்பான் ஒப்புக்கொண்டது. சொன்னது போதாது என்று 2021இல் உலகப் பாரம்பரியக் குழு அழுத்தமாக வருத்தம் தெரிவித்தது. ஒரே கட்டடத்தில் இரண்டு நினைவுகள் மோதும்போது கட்டடம் வாய்திறக்காது. யாரைப் பேசவிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம்மிடம் இந்த வகை எழுத்து புதிதல்ல. அகநானூற்றின் 167ஆம் பாட்டில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாழ்பட்ட ஒரு பொதியிலை, அதாவது ஊர்ப் பொதுமன்றத்தை, வரைகிறார். யானை உரசியதில் விட்டம் வீழ்கிறது, எழுதிய கடவுள் வெளியேறிவிட்டது, திண்ணை மெழுகப்படவில்லை, கூரையைக் கறையான் மூடியிருக்கிறது. பாழின் ஒவ்வொரு அங்கத்தையும் இவ்வளவு பொறுமையாகப் பார்த்த கண் உலக இலக்கியத்தில் அபூர்வம். பொருள்தேடப் போக நினைத்த தலைவன், நாளை அந்த இடத்தில் தனியாகப் படுத்திருக்க வேண்டுமே என்று தன் நெஞ்சுக்குச் சொல்லித் தயங்குகிறான். வணிகக் கூட்டத்தைக் கொள்ளையடிக்கும் வில்லாளிகளுக்கு அஞ்சி ஊரே எழுந்து போனது என்ற காரணத்தையும் புலவர் விடவில்லை. டெட்ராய்ட் படநூலில் இல்லாதது அந்தக் காரணம்தான்.

இன்றைய தமிழ் ஊடகத்தில் தனுஷ்கோடி என்றால் பேய் நகரம். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் கடலோடு போனதும், மிச்சமிருக்கும் தேவாலயச் சுவரும் எத்தனையோ காணொளிகளில் வந்தாயிற்று. போட் மெயில் ரயிலில் வந்து இறங்கித் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறியவர்களின் ஊர் அது என்பது அடுத்த வரியில் மறைந்துவிடும். 'ஆளற்ற' ஊர் என்று பின்னணிக் குரல் சொல்லும்போது, திரையின் ஓரத்தில் மீனவர் ஒருவர் வலை பிரித்துக்கொண்டிருப்பார். கோலார் தங்க வயலுக்கும் இதே கதி. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. வட ஆற்காட்டிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கி வெட்டிய இடம். அயோத்திதாசரின் பௌத்த இயக்கத்துக்குக் கிளை இருந்த ஊர். இப்போது சினிமாவில் வந்த சயனைடு மேடுகளைப் பார்க்க ஆள் வருகிறது. பிழைப்புக்காக விடியற்காலை மாரிகுப்பத்தில் பெங்களூர் ரயிலேறும் சுரங்கத் தொழிலாளியின் பேரனைப் படமெடுக்க யாரும் வருவதில்லை.

யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் பாழ்வீட்டைத் தேடிப் போனவர்கள் வீட்டுக்காரர்களேதான். 1990இல் போரால் வெளியேறிய மயிலிட்டிக்காரர்கள், உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து ஊரின் ஒரு பகுதி விடப்பட்ட 2017 வரை, இருபத்தேழு ஆண்டு காத்திருந்தார்கள். வலயத்திலிருந்து விடுபட்ட காணிகள் பலவற்றில் வீடும் இல்லை, வேலியும் இல்லை. பற்றை மண்டிக் கிடந்தது. கிணறு எந்தப் பக்கம், ஒழுங்கை எங்கே திரும்பும், அயலவர் எல்லையில் நின்ற மரம் எது என்று முதியவர்கள் சொன்னால்தான் காணி துலங்கும். காணி உறுதிப் பத்திரம் தொலைந்தவர்களுக்கு அந்த ஞாபகமே சாட்சி. எடென்சர் சொல்லும் கட்டுப்பாடற்ற நினைவுக்கு இங்கே இடமில்லை. கிணற்றின் திசையை ஒருவர் மாற்றிச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் மறிப்பார். பிள்ளைகளோ, பிறந்த நாள்முதல் முகாமில் வளர்ந்தவர்கள், இரண்டு பேரில் யாரை நம்புவது என்று தெரியாமல் பற்றையை வெட்டிக்கொண்டிருப்பார்கள்.