யாருடைய பாட்டு? கன்ட்ரி இசையில் வேலையும் வாழ்க்கைக் கதையும்

1955 அக்டோபரில் அமெரிக்காவில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. டென்னசி எர்னி ஃபோர்டு பாடிய 'சிக்ஸ்டீன் டன்ஸ்'. நிலக்கரியை அள்ள அள்ளக் கடன் மட்டும் தீராத ஒரு சுரங்கத் தொழிலாளியின் பாட்டு அது. சில வாரங்களிலேயே பத்து லட்சம் பிரதிகள் விற்றன. போருக்குப் பிந்தைய செழிப்பில் அந்த நாடு திளைத்திருந்த காலம். வாங்கியவர்களில் பெரும்பாலோர் சுரங்கத்தின் வாசலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இருந்தும் அந்தப் பாட்டு அவர்களைப் பிடித்துக்கொண்டது.

எழுதியவர் மெர்ல் டிராவிஸ். 1946இல் முதலில் அவரே பாடிப் பதிவு செய்தார். கென்டக்கி மாநிலத்தின் நிலக்கரிப் பகுதியில், சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். அந்த நாளில் பல சுரங்கக் கம்பெனிகள் கூலியை ரொக்கமாகத் தருவதில்லை, டோக்கனாகத் தருவார்கள். அது கம்பெனி நடத்தும் கடையில் மட்டும்தான் செல்லும். மாவும் மண்ணெண்ணெயும் பூட்ஸும் அங்கேதான் வாங்க வேண்டும், அவர்கள் சொல்லும் விலைக்கு. கணக்கு முடிக்கும் நாளில் பலர் கையில் மிஞ்சியது பாக்கிதான். டிராவிஸ் இதற்காகப் புள்ளிவிவரம் திரட்டவில்லை. அப்பா வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பேச்சு, அண்ணன் கடிதத்தில் எழுதிய ஒரு வரி, இவ்விரண்டையும் எடுத்துப் பாட்டின் நடுவில் வைத்தார்.

வேலையைப் பற்றிக் கன்ட்ரி இசை சொன்னதில் இன்றும் நிற்பவை பெரும்பாலும் இப்படிப் பிறந்தவையே. உழைப்பைப் பொதுப்படப் புகழ்ந்த பாட்டுகள் எத்தனையோ வந்தன, போயின. ஒரு மனிதர் தம் வாயால் சொன்னது, ஒரு குடும்பத்தின் வரவு செலவு, ஒரு ஷிஃப்டின் களைப்பு ஆகியவற்றைச் சொன்னவை தங்கிவிட்டன. தான் செய்யும் வேலைக்கு என்ன பொருள் என்று தவிக்கும் ஒருவருக்கு இந்த இசை தரக்கூடியது ஆறுதலைவிடப் பெரியது என்று நினைக்கிறேன். தன் கதையைத் தன்னுடையதாகச் சொல்லும் துணிவை அது தருகிறது. அந்தக் கதைக்கு யார் பெயர் போடப்படுகிறது என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

இத்தகைய தொழிலாளர் பாடல்களை ஆராய்ந்தவர்களில் ஆர்ச்சி கிரீன் என்னைப் பெரிதும் ஈர்த்தவர். சான் ஃபிரான்சிஸ்கோவில் கப்பல் கட்டும் தச்சராக வேலை பார்த்தவர், தொழிற்சங்கக்காரர். நடுவயதில்தான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். பழைய இசைத்தட்டுகளில் பதிவான சுரங்கப் பாடல்களைத் தேடித் திரட்டி 1972இல் 'ஒன்லி எ மைனர்' என்ற நூலை எழுதினார். பிறகு வாஷிங்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துப் பேசி, நாட்டார் வழக்குகளைக் காக்கும் சட்டம் 1976இல் நிறைவேறப் பாடுபட்டார். தொழிலாளி பாடியதை அறிவுத்துறை மதிக்க வேண்டும் என்பதே அவருக்கு ஆயுட்கால வேலையாகிவிட்டது.

கன்ட்ரி இசையின் தொடக்கத்துக்குப் போனால், எல்லோரும் சுட்டுவது 1927 கோடையை. டென்னசி, வர்ஜீனியா எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில், முன்பு தொப்பிக் கிடங்காக இருந்த கட்டடத்தில், விக்டர் கம்பெனிக்காக ரால்ஃப் பீர் பாடகர்களை வரவழைத்துப் பதிவு செய்தார். அங்கே வந்தவர்களில் ஒருவர் ஜிம்மி ராட்ஜர்ஸ். ரயிலில் பிரேக் போடும் ஊழியராக இருந்தவர். காசநோய் வந்து அந்த வேலை போயிற்று. இழந்த வேலையின் பெயராலேயே பாடகராகப் புகழ்பெற்றார். 1933இல் நியூயார்க்கில் கடைசிப் பதிவின்போது ஒரு பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஸ்டுடியோவிலேயே கட்டிலில் படுத்துத்தான் தெம்பு தேடிக்கொண்டார். சில நாட்களில் இறந்தார். வயது 35.

அதே பிரிஸ்டலில் பதிவு செய்தவர்கள் கார்ட்டர் குடும்பத்தார். ஏ. பி. கார்ட்டர் பின்னாளில் மலைக் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று பாட்டுத் திரட்டினார். அவருக்குச் சொற்களைக் குறித்துக்கொள்ள வரும், மெட்டு மனதில் நிற்காது. மெட்டை நினைவில் வாங்கிக்கொண்டு வந்தவர் உடன் போன லெஸ்லி ரிடில். சிமெண்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்து, தேறிவரும் நாட்களில் கிதாரைப் பற்றிக்கொண்ட கறுப்பின இளைஞர். பாடல்களின் உரிமை கார்ட்டர் பெயரில் பதிவாயிற்று. ரிடிலின் பங்கு வெளியே தெரிய 1960கள் வரை ஆயிற்று.

இன்னொரு கறுப்பினக் கலைஞரான டிஃபோர்ட் பெய்லியின் கதை இன்னும் கசப்பானது. சிறுவயதில் போலியோவால் தாக்கப்பட்ட அவர், பள்ளிக்குப் போகும் வழியில் கேட்ட ரயிலின் ஓசையை மவுத் ஆர்கனில் அப்படியே கொண்டுவந்தார். நாஷ்வில் வானொலியின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சிக்கு அந்தப் பெயர் பிறந்ததே 1927இல் அவர் ரயிலை வாசித்து முடித்த இரவில்தான். 1941இல் அவரை நீக்கினார்கள். அதே ஊரில் ஷூ பாலிஷ் கடை வைத்துப் பிழைத்தார். கன்ட்ரி இசையின் புகழ் மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2005இல். அவர் இறந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. எளிய மனிதரின் குரல் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் இசை, எந்த எளியவரை உள்ளே விட்டது என்பதை மறந்துவிட்டு இதன் வரலாற்றைப் பேசக் கூடாது.

பெண்கள் பக்கம் வந்தால் நிதானித்தே ஆக வேண்டும். லொரெட்டா லின் 1932இல் கென்டக்கியின் மலையிடுக்கில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவர். அப்பா சுரங்கத் தொழிலாளி. பதினைந்து வயதில் கல்யாணம். இருபது நிறையுமுன் நான்கு குழந்தைகள். கணவர் வாங்கிக் கொடுத்த 17 டாலர் கிதாரில் தானாகவே வாசிக்கக் கற்றார். 1960இல் முதல் இசைத்தட்டு வந்ததும் கணவனும் மனைவியும் காரிலேயே தூங்கி, ரொட்டியும் மலிவான இறைச்சியும் தின்று, வானொலி நிலையம் நிலையமாகப் போய் அதை ஒலிபரப்பும்படி கேட்டார்கள்.

பத்து ஆண்டு கழித்து வந்தது 'கோல் மைனர்ஸ் டாட்டர்'. அதில் ஏழ்மை என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகும் இடமே இல்லை. துணி துவைத்துத் துவைத்து ரத்தம் கசியும் அம்மாவின் விரல் இருக்கிறது. பன்றி விற்ற காசில் தபாலில் வரவழைத்த குளிர்காலக் காலணி இருக்கிறது. அவர் எழுதிய சரணங்கள் இன்னும் பல. பாட்டு நீளுகிறது என்று தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சொன்னதால் வெட்ட வேண்டியதாயிற்று. கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்விலுக்குப் போனபின் பிறந்த இடத்தை மறைத்துக்கொள்ள அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. மறைக்காமல் பாடியதுதான் அவருடைய அடையாளமாக நின்றது. 1975இல் கருத்தடை மாத்திரையைப் பற்றிப் பாடினார். பல வானொலி நிலையங்கள் அதைத் தள்ளிவைத்தன. பிள்ளை பெறுவதும் வளர்ப்பதும் வேலைதான் என்று எடுத்துச் சொன்ன பாட்டாகவே அதை நான் கேட்கிறேன்.

மேற்கு வர்ஜீனியாவின் சுரங்கக் குடும்பத்தில் பிறந்த ஹேசல் டிக்கன்ஸ், பால்டிமோர் தொழிற்சாலைகளில் வேலை பார்த்துக்கொண்டே பாடியவர். நிலக்கரித் தூசு நுரையீரலைத் தின்று இறந்த அண்ணனைப் பற்றி அவர் எழுதிய பாட்டு, இந்தத் துறை முழுவதிலும் கேட்கவே கடினமான ஒன்று. டாலி பார்ட்டன் வேறு வழி பிடித்தார். 1980இல் 'நைன் டு ஃபைவ்' படப்பிடிப்பில் தன் செயற்கை நகங்களை ஒன்றோடொன்று தேய்த்தபோது டைப்ரைட்டர் சத்தம் கேட்டது. அதையே தாளமாக்கிப் பாட்டு எழுதினார். பதிவிலும் அந்த நகச் சத்தம் உண்டு. படத்தின் தலைப்பு, பாஸ்டனில் 1973இல் அலுவலகப் பெண் ஊழியர்கள் தொடங்கிய அமைப்பின் பெயரிலிருந்து வந்தது.

பிடித்த வேலையைத் தேடி எல்லாவற்றையும் விட்டுவந்தவர் என்றால் கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன். ஆக்ஸ்ஃபோர்டில் ரோட்ஸ் உதவித்தொகையில் இலக்கியம் படித்தவர்; ராணுவக் கேப்டன்; ஹெலிகாப்டர் ஓட்டி. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கும் பணி காத்திருந்தபோது, 1965இல் அதை உதறிவிட்டு நாஷ்விலுக்கு வந்து, ஒரு ஸ்டுடியோவில் தரை பெருக்கினார். பெற்றோர் உறவை முறித்துக்கொண்டார்கள். வயிற்றுப்பாட்டுக்காக மெக்சிகோ வளைகுடா எண்ணெய்க் கிணறுகளுக்கு ஹெலிகாப்டர் ஓட்டினார். அங்கே கிடைத்த ஓய்வில் பாட்டெழுதினார். இந்தக் கதையைத் தன்னம்பிக்கைப் பாடமாகச் சொல்கிறவர்கள் அந்தப் பெற்றோரின் மௌனத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர் பாட்டுகளில் ஞாயிற்றுக்கிழமை காலைகள் அவ்வளவு வெறிச்சோடிக் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பாட்டு எல்லோரையும் கரைசேர்த்துவிடாது. 1968 ஜனவரி 13 அன்று ஃபோல்சம் சிறையில் பாடகர் ஜானி கேஷ் ஒரு கைதி எழுதிய பாட்டைப் பாடினார். எழுதிய கிளென் ஷெர்லி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தன் பாட்டு பாடப்படும் என்று அவருக்குத் தெரியாது. 1971இல் விடுதலையானதும் கேஷ் அவருக்குத் தன்னிடமே வேலை கொடுத்து, மேடையிலும் ஏற்றினார். வெளியுலகம் ஷெர்லிக்குப் பிடிபடவில்லை. கேஷின் குழுவிலிருந்து விலக நேர்ந்தது. 1978இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். ஒருவரின் கதையைக் கேட்டுக் கைதட்டுவது ஒரு நாள் வேலை. அவரோடு அதற்குப் பிறகும் இருப்பது வேறு.

அந்தப் பிந்தைய நாட்களையும் யோசித்துத் தொடங்கப்பட்ட முயற்சியாகவே, 2012இல் பாடலாசிரியர் டார்டன் ஸ்மித் உருவாக்கிய 'சாங்ரைட்டிங் வித் சோல்ஜர்ஸ்' எனக்குப் படுகிறது. போரிலிருந்து திரும்பிய வீரர்களும் பாடலாசிரியர்களும் சில நாள் ஓரிடத்தில் தங்குகிறார்கள். வீரர் பேசுகிறார், எழுதுபவர் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறார். கேட்டதை வரியாக்கித் திருப்பிப் பாடிக் காட்டுகிறார். அப்படி நடக்கவில்லை என்று வீரர் சொன்னால் வரி மாறும். இதில் பங்கெடுத்த மேரி கோஷே, பாஸ்டனில் உணவகம் நடத்தி, குடியில் விழுந்து எழுந்து, முப்பது வயது தாண்டிய பிறகே பாட்டெழுதத் தொடங்கியவர். இப்படிப் பிறந்த 11 பாடல்களைத் தொகுத்து 2018இல் 'ரைஃபிள்ஸ் அண்ட் ரோசரி பீட்ஸ்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அந்த ஆல்பத்தில், பாடலாசிரியர் என்ற இடத்தில் கோஷேயின் பெயரோடு, கதையைச் சொன்ன வீரர்களின் பெயர்களும் அவர்கள் குடும்பத்தாரின் பெயர்களும் அச்சாகியிருக்கின்றன.