நடுச்சரிவின் சுவை

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் வோன்-ரோமனே என்று ஒரு சிற்றூர். ஊரைத் தாண்டினால் மேற்கே நிலம் மெல்ல ஏறத் தொடங்குகிறது. அந்த ஏற்றத்தில்தான் ரோமனே-கோன்டி என்ற திராட்சைத் தோட்டம் இருக்கிறது. பரப்பு 1.8 ஹெக்டேர், நாலரை ஏக்கர்கூட முழுதாகத் தேறாது. அதற்கு நேர் மேலே லா ரோமனே, அதில் பாதியளவு நிலம். இரண்டுக்கும் நடுவே ஓடுவது ஒரு நடைபாதைதான். வடக்கே ஒட்டினாற்போல் ரிஷ்பூர். கீழே ரோமனே-சான்-விவான். நான்கிலும் விளைவது பினோ நுவார் என்ற ஒரே கருந்திராட்சை. நான்கின் மேலும் அடிப்பது ஒரே வெயில், பெய்வது ஒரே மழை. ஆனாலும் பெயர் நான்கு, ஒயின் நான்கு, சட்டம் ஏற்றுக்கொண்ட தனி அடையாளமும் நான்கு.

இவ்வளவு நுணுக்கம் வெறும் பகட்டு என்று சிலருக்குத் தோன்றலாம். கிணற்று நீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது. ஒரே தெருவில் ஒரு கிணறு தித்திக்கும், பத்தடி தள்ளி இன்னொன்று உப்புக் கரிக்கும். எந்த வீட்டுத் தண்ணீரில் பருப்பு வேகும் என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். நிலத்தின் அடியில் நடப்பதை நாக்கு அறிந்துகொள்கிறது. அந்த அறிவைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து, வரப்பு போட்டு, பெயர் வைத்து, கடைசியில் சட்டமாகவே எழுதிவைத்ததுதான் ஒயினுக்கும் அதன் ஊருக்குமான உறவின் வரலாறு. ஒயின் குடிப்பதும் குடிக்காததும் அவரவர் விருப்பம். நிலத்தை இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்தவர்களின் கதை எல்லோருக்கும் உரியது.

கதை எகிப்திலேயே தொடங்கிவிடுகிறது. 1922-இல் ஹோவர்ட் கார்ட்டர் மன்னர் துத்தன்காமுனின் கல்லறையைக் கண்டுபிடித்தார். அங்கே கிடைத்த பொன்னைப் பற்றி உலகமே பேசியது. பொன்னோடு மண் சாடிகளும் இருந்தன. ஒயின் நிரப்பி மூடிய சாடிகள். அவற்றில் 26 சாடிகள்மேல் மையால் எழுதிய குறிப்புகள் இருந்தன: மன்னரின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய பண்ணை, எந்தப் பகுதி, தோட்டத்தின் தலைமை ஒயின் வினைஞர் யார். பல சாடிகளில் பகுதியின் பெயர் மேற்கு ஆறு. நைல் கழிமுகத்தின் மேற்குக் கிளையைத்தான் அப்படிக் குறித்திருக்கிறார்கள். இன்று நல்ல பர்கண்டி பாட்டில் ஒன்றைக் கையில் எடுத்தாலும் லேபிளில் இருப்பவை இந்த நான்கும்தான்: ஆண்டு, தோட்டம், ஊர், ஆள். திராட்சை ரகத்தின் பெயர் அன்றைய சாடியிலும் இல்லை, இன்றைய லேபிளிலும் பெரும்பாலும் இருப்பதில்லை. ஊரைச் சொன்னால் மற்றதெல்லாம் அதில் அடக்கம் என்ற நம்பிக்கைக்கு 3,300 ஆண்டு வயது.

எகிப்தியர் ஊரைச் சொன்னார்கள். ரோமானியர் ஊருக்குள்ளேயே மேடு பள்ளம் பிரித்துப் பார்த்தார்கள். இத்தாலியின் கம்பானியாவில், மாசிக்கோ மலையின் சரிவுகளில் விளைந்தது ஃபாலெர்னியன் என்ற ஒயின். அதன் புகழ் சாதாரண மக்களையும் எட்டியிருந்தது. பொம்பேயி நகரத்து மதுக்கடைச் சுவரில் ஒரு விலைப்பட்டியல் எழுதப்பட்டிருந்தது. ஒரு காசுக்கு ஏதோ ஓர் ஒயின், இரண்டு காசுக்கு அதைவிட நல்லது, நான்கு காசுக்கு ஃபாலெர்னியன். முதல் இரண்டுக்கும் பெயரே இல்லை. ஊர்ப் பெயர் வந்ததும் விலை நான்கு மடங்கு.

அந்த மலைச் சரிவை ரோமானிய அறிஞர் மூத்த பிளினி மூன்றாகப் பிரித்துச் சொல்கிறார். உச்சியில் விளைவது காசினியன், நடுவில் விளைவது ஃபாஸ்டியன், அடிவாரத்தில் விளைவதுதான் ஃபாலெர்னியன். அந்த நடுப்பகுதியைத் தனிப் பெயரிட்டுப் பிரித்துப் பார்த்ததில்தான் நயம் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, பல நூறு மைல் வடக்கே, வேறு மண்ணில் வேறு திராட்சை பயிரிட்ட பர்கண்டிக்காரர்களும் தங்கள் சரிவை இப்படியே பகுத்துப் பார்க்கப்போகிறார்கள். பிளினி இன்னொன்றும் சொல்கிறார்: தரத்தைவிட அளவைப் பெரிதாக நினைத்தவர்களால் ஃபாலெர்னியனின் பெயர் தம் காலத்திலேயே மங்கி வருகிறது என்று. மலை அங்கேயேதான் இருந்தது, வெயிலும் மாறவில்லை. மாறியது மனிதர்களின் கவனம். ஒயினின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் பாடம் இது. நிலம் கொடுப்பது வாய்ப்பு மட்டும்தான். பெயரைக் காப்பாற்றுவது உழைப்பவர் பொறுப்பு.

இந்தக் கதையின் ஒரு கிளை நம் கரையையும் தொடுகிறது. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பருகி இனிதே வாழ்க என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துவது புறநானூற்றில் உண்டு. அந்தக் கலங்களின் உடைந்த ஓடுகள் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. கிரேக்கத்தின் கோஸ் தீவுச் சாடிகள் அவற்றுள் உண்டு. கம்பானியாவின் சாடிகளும் உண்டு. கம்பானியச் சாடிகளின் களிமண்ணில் எரிமலையின் கருமணல் கலந்திருக்கும். அதை வைத்தே ஆய்வாளர்கள் ஊரைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். உள்ளே இருந்த ஒயின் ஆவியாகி இரண்டாயிரம் ஆண்டு ஆகிவிட்டது. பிறந்த இடத்தை ஓடு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மீண்டும் பர்கண்டிக்குப் போவோம். 1098-இல் சீத்தோ என்ற இடத்தில் சில துறவிகள் ஒரு மடத்தை நிறுவினார்கள். வழிபாட்டோடு உடலுழைப்பும் வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அடுத்த நூற்றாண்டிலிருந்து வூஜோ என்ற ஊர்ப் பக்கம் தானமாகவும் விலைக்கும் நிலம் சேர்த்து, கொடி நட்டு, கடைசியில் சுமார் 50 ஹெக்டேரைச் சுற்றிக் கல்மதில் எழுப்பினார்கள். குளோ த வூஜோ என்ற பெயரில் அந்த மதில் இன்றும் நிற்கிறது. மண்ணை நாக்கில் வைத்துச் சுவைத்துத்தான் அவர்கள் தோட்டங்களைப் பிரித்தார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. அப்படியொரு மாயம் அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை. அவர்களிடம் அதைவிடப் பெரிய செல்வம் இருந்தது: காலம். துறவி இறந்துபோவார், மடம் இறக்காது. இந்த மூலையில் பனி முதலில் உருகுகிறது, அந்தப் பள்ளத்தில் மழைநீர் தேங்குகிறது, மேட்டுத் திராட்சை முன்னதாகப் பழுக்கிறது என்று ஒருவர் கண்டது அடுத்தவருக்கு அறிவாக வந்து சேரும். ஒரு ஆயுளில் கண்டுபிடிக்க முடியாததை எழுநூறு ஆண்டுகள் தொடர்ந்த ஒரு மடம் கண்டுபிடிக்கலாம்.

அவர்கள் கண்டதற்கு இன்றைய மண்ணியல் காரணம் சொல்கிறது. பர்கண்டியின் கோட் தோர் சரிவு கிழக்கு நோக்கியது. காலை வெயில் முதலில் அதன்மேல் விழுகிறது. உச்சியில் சுண்ணாம்புப் பாறைமேல் மண் மெலிந்து கிடக்கிறது, காற்றும் குளிரும் அதிகம். அடியில் சரிவு சமவெளியாகும் இடத்தில் மேலிருந்து வழிந்து வந்த களிமண் ஆழமாகப் படிந்திருக்கிறது. அங்கே ஈரம் தங்கும், இரவின் குளிர்ந்த காற்றும் இறங்கித் தங்கும். வளமான மண் என்று நெல்லுக்குச் சொல்லலாம். திராட்சைக்கு அது செல்லம் கொடுத்துக் கெடுக்கிற மண்; இலை தழைக்கும், பழம் நீர்த்துப்போகும். நடுச்சரிவில்தான் சுண்ணாம்பும் களியும் அளவாகக் கலந்திருக்கின்றன. தண்ணீர் நிற்காமல் வடிகிறது, ஆனால் அடியோடு வற்றுவதில்லை. வேர் கொஞ்சம் பாடுபட்டு ஆழம் போகிறது. பர்கண்டியின் மிக உயர்ந்த தரம் பெற்ற தோட்டங்களில் பெரும்பாலானவை இந்த நடுவரிசையில்தான் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. இப்படிப் பெயர் சூட்டி எல்லை வகுத்த துண்டுகளை அங்கே கிளிமா என்பார்கள். 2015-இல் அந்தக் கிளிமாக்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக ஏற்றுக்கொண்டபோது எண்ணிக்கை 1,247.

எந்த நிலம் என்பதோடு எந்தக் கொடி என்ற கேள்வியும் சேர்ந்தே வந்தது. 1395-இல் பர்கண்டிக் கோமகன் துணிவாளர் ஃபிலிப் ஓர் ஆணை பிறப்பித்தார். கமே என்ற ரகம் அப்போது பரவிக்கொண்டிருந்தது. கொத்துக் கொத்தாகக் காய்க்கும், சீக்கிரம் பழுக்கும், விவசாயிக்குக் கை நிறையும். ஆனால் இந்த மண்ணில் அதன் ஒயின் தரமாக அமையவில்லை. கமே விசுவாசம் கெட்ட கொடி என்று சினந்து, வேரோடு பிடுங்கச் சொன்னார் கோமகன். கமேக்கும் பிறகு ஒரு இடம் கிடைத்தது. தெற்கே போஜோலே குன்றுகளில் கருங்கல் சிதைந்த மண் இருக்கிறது. பர்கண்டியின் சுண்ணாம்பில் தலையெடுக்காத கமே அந்த மண்ணில் மலர்ந்தது. பழமும் பூவும் மணக்கும் அழகான ஒயின்களை இன்றும் தருகிறது. கொடியில் குறையில்லை, அதற்குரிய நிலம் வேறாக இருந்தது.

மதில் ஒரு தோட்டத்தைக் காக்கும். ஒரு நாட்டுப்புறம் முழுவதையும் காக்க அரசு வேண்டும். 1716-இல் டஸ்கனியின் மூன்றாம் கோசிமோ கியாந்தி உள்ளிட்ட நான்கு பகுதிகளின் எல்லையை ஆணையாக வெளியிட்டார். 1737-இல் ஹங்கேரியின் தோக்காய்ப் பகுதிக்கும் அப்படி ஓர் ஆணை வந்தது. இந்த வேலையைக் கல்லிலேயே செய்துகாட்டியது போர்ச்சுகல். தோரு ஆற்றங்கரையிலிருந்து இங்கிலாந்துக்குப் போன போர்ட் ஒயினுக்குக் கிராக்கி ஏற ஏறக் கலப்படமும் ஏறியது. வெளுத்த ஒயினுக்கு நிறம் ஏற்ற எல்டர் என்ற செடியின் கரும்பழச் சாற்றைக் கலந்தார்கள். வாங்குபவர் நம்பிக்கை இழந்தார், விலை சரிந்தது. 1756-இல் அமைச்சர் மார்க்கிஸ் பொம்பால் ஒரு கம்பெனியை நிறுவி, ஏற்றுமதிக்குத் தகுந்த ஒயின் எந்த நிலத்திலிருந்து வரலாம் என்று வரையறுத்தார். எல்டர் செடிகளைப் பிடுங்கியெறியவும் உத்தரவாயிற்று. பிறகு சரிவுகளில் ஆளுயரக் கருங்கல் தூண்கள் எழுந்தன, மொத்தம் 335. ஒவ்வொன்றிலும் ஃபெய்தோரியா என்ற சொல்லும் 1758 அல்லது 1761 என்ற ஆண்டும் செதுக்கப்பட்டன. கொடிகளுக்கு நடுவே இப்போதும் அந்தக் கற்களைப் பார்க்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சரா என்ற சிறு பூச்சி ஐரோப்பியத் திராட்சையின் வேரைத் தின்று தீர்த்தது. ஒயின் அரிதானதும் போலி பெருகியது. உலர்திராட்சையையும் சர்க்கரையையும் ஊறவைத்து, பேர்போன ஊரின் பெயரை ஒட்டி விற்றார்கள். 1907-இல் தெற்கு பிரான்சிலும் 1911-இல் ஷாம்பேனிலும் விவசாயிகள் கொதித்து வீதிக்கு வந்தார்கள்.

அந்தக் கொதிப்புக்கு நிதானமான விடை ரோன் பள்ளத்தாக்கின் ஷாதோநெஃப்-து-பாப்பிலிருந்து வந்தது. முதல் உலகப் போரில் விமானியாக இருந்தவரும் சட்டம் படித்தவருமான பரோன் பியர் ல ருவா அந்த ஊர்த் தோட்டக்காரர்களை 1923-இல் ஒன்றுதிரட்டினார். எல்லையை எப்படிப் போடுவது? தைம் செடியும் லாவண்டரும் சேர்ந்து வளரும் நிலம் எதுவோ அதுவே எங்கள் ஒயினின் நிலம் என்றார்கள். இந்த விதியின் அழகை நின்று ரசிக்க வேண்டும். இரண்டும் வறண்ட, கல் நிறைந்த, நீர் வடிந்துபோகும் ஏழை மண்ணில் வளரும் செடிகள். நல்ல ஒயினுக்கும் அப்படிப்பட்ட மண்தான் வேண்டும். நில அளவையாளரின் சங்கிலி தொடங்கும் முன்பே புதர்கள் எல்லையைக் கீறிவைத்திருந்தன. மண்ணோடு மனிதருக்கும் விதி எழுதினார்கள்: எந்த ரகங்கள் நடலாம், ஒயினில் சாராயச் செறிவு குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும், அறுவடையில் ஒரு பங்கைத் தரமில்லாததென்று கட்டாயம் கழித்துவிட வேண்டும். காய்த்ததை எல்லாம் காசாக்கும் ஆசைக்கு அவர்கள் தாங்களே கடிவாளம் போட்டுக்கொண்டார்கள். அந்த விதிகள் 1935-இல் ஜோசஃப் காப்யூ முன்னின்று கொண்டுவந்த நாடு தழுவிய சட்டத்துக்கு முன்மாதிரி ஆயின. 1936 மே மாதம் முதன்முதலாக அந்தச் சட்டப்படி அங்கீகாரம் பெற்ற ஊர்களில் ஷாதோநெஃப்-து-பாப்பும் ஒன்று.

அந்தச் சட்டத்தின் வழித்தோன்றல்களில் ஒன்று நம் சந்தை வரை வந்திருக்கிறது. உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம் விளைவிடப் பெயர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது; ஒயினுக்கும் வடித்தெடுத்த மதுவகைகளுக்கும் கூடுதல் பாதுகாப்பே தருகிறது. அந்த ஒப்பந்தத்தை ஒட்டித்தான் இந்தியா 1999-இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றியது. டார்ஜிலிங் தேயிலையும் காஞ்சிபுரம் பட்டும் மதுரை மல்லியும் தங்கள் ஊர்ப் பெயருக்கு உரிமை பெற்றது அந்தச் சட்டத்தால்தான்.

இப்படிக் குறியீடு வாங்கிய ஒவ்வொரு ஊருக்கும் குளோ த வூஜோ சொல்ல ஒரு செய்தி வைத்திருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியில் அது மடத்தின் கையை விட்டுப் போயிற்று. பிறகு துண்டு துண்டாகி, இன்று அந்த ஒரே மதிலுக்குள் சுமார் 80 உடைமையாளர்கள் இருக்கிறார்கள். சிலரிடம் சில வரிசைக் கொடிகள் மட்டுமே. மேட்டுப் பாகம், நடு, சாலையோர ஈரப் பாகம் எல்லாவற்றுக்கும் சட்டம் ஒரே உயர்ந்த பெயரைக் கொடுத்திருக்கிறது. ஆகவே விவரம் அறிந்தவர்கள் லேபிளில் தோட்டத்தின் பெயரோடு நிற்பதில்லை. அடுத்த வரிக்குப் போய், ஒயினை ஆக்கியவர் யார் என்றும் பார்க்கிறார்கள். அடிப்பகுதியில் நிலம் வைத்திருந்தும் வடிகால் வெட்டி, கொத்துகளைக் குறைத்து, பொறுத்திருந்து பறிப்பவரின் ஒயின், மேட்டில் அலட்சியமாக விளைவிப்பவரின் ஒயினை மிஞ்சிவிடுவதுண்டு. சட்டம் ஒரு ஊருக்குப் பெயரை எழுதித்தரலாம். அந்தப் பெயருக்கு உரிய சுவையை ஒவ்வோர் ஆண்டும் அங்கே விளைவிப்பவர்தான் மறுபடி சம்பாதிக்க வேண்டும்.